பெரியத்தான் பேசாமல் இருந்த நேரம்

“குதிரைச் சொந்தக்காரர் பேரு?” என்று போட்டிப் பதிவு மேசைக்குப் பின்னால் இருந்த பெண் கேட்டாள்.

ஜிபார் வாயைத் திறந்தாள், மூடினாள். குதிரை அவள் கணவனின் அண்ணனுடையது. வாழ்க்கைப்பட்டு வந்த இருபத்திரண்டு வருஷத்தில் அந்தப் பெயரை அவள் ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. புகுந்த வீட்டு மூத்தவர்களின் பெயரை மருமகள் சொல்வதாவது!

“எங்க பெரியத்தானுது,” என்றாள்.

“அது சரி. ஃபாரத்துல எழுதப் பேரு வேணும்ல?”

“நானே எழுதிடட்டுமா?”

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். அவளும் ஒரு வீட்டுக்கு மருமகள்தான். காகிதத்தைத் திருப்பி நீட்டினாள். ஜிபார் ‘ஒஸ்மோன்’ என்று எழுதிவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். குதிரையின் பெயர் என்று கேட்டிருந்த இடத்தில் ‘செவலை’ என்று எழுதினாள். அவள் ஊரான கராபுலாக்கில் நிறத்தைச் சொல்லித்தான் குதிரையைக் கூப்பிடுவார்கள். பெயர் வைத்துக் கொஞ்சுகிற வழக்கம் கிடையாது. வயது பதினாலு. தூரம் எண்பது கிலோமீட்டர்.

“எண்பதா? இருபது கிலோமீட்டர்ப் போட்டியும் இருக்கு, தெரியுமில்ல?” அந்தப் பெண் எட்டி செவலையின் வயிற்றைப் பார்த்தாள். “உள்ள குட்டி ஏதும் இல்லையே?”

“அது ஆண் குதிரைங்க. காயடிச்சது.”

“அப்போ சாப்பாடுதான்,” என்றாள் அவள், முத்திரையைக் குத்தியபடி.

சாப்பாடுதான். அதில்தான் வந்தது வினை. ஜிபார் ஊர் நர்ஸ். கோடையில் ஊரில் பாதிப்பேர் மந்தையோடு மலைக்குப் போய்க் கூடாரம் போட்டுவிடுவார்கள். தடுப்பூசியும் மாத்திரையும் தூக்கிக்கொண்டு அவர்கள் பின்னாலேயே ஏறுவது அவள் வேலை. ஒன்பது வருஷம் செவலையின் மேல்தான் ஏறினாள். போன வருஷம் பாதை போட்டார்கள், சுகாதார நிலையத்துக்கு ஜீப் வந்தது, செவலைக்கு வேலை போயிற்று. தின்றது, தூங்கியது, பெருத்தது. அந்த நாட்டில் சும்மா நின்று கொழுக்கிற குதிரையைப் பார்த்தால் மனுஷருக்கு ஒரே ஒரு யோசனைதான் வரும்.

ஒஸ்மோனுக்கும் வந்தது. (நாம் தாராளமாகப் பெயர் சொல்லலாம், நாம் அந்த வீட்டு மருமகள் இல்லை.) அக்டோபரில் அவருக்கு அறுபது வயது நிறைகிறது. விழாவுக்கு இருநூறு பேர் வருவார்கள். குதிரைக் கறி இல்லாமல் இருநூறு பேரை உட்காரவைப்பதைவிட அவர்களைக் கூப்பிடாமலே இருந்துவிடலாம். ஜூன் மாதம் ஒரு நாள், சொந்தமெல்லாம் கூடித் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அவர் எழுந்துபோய் செவலையின் விலாவைத் தட்டிப் பார்த்தார். “நாலு விரக்கடை கொழுப்பு இருக்கும்டா,” என்றார்.

ஜிபார் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். மூத்தார் எதிரில் மருமகள் பேசக்கூடாது. கணவன் துராத்தின் காதில் சொன்னாள். துராத் அண்ணனிடம் சொன்னான்.

“ஆகஸ்ட்டுல காட்டுப் போட்டி நடக்குதாம். எண்பது கிலோமீட்டர். அவ அதுல செவலையை ஓட்டணும்ங்கறா.”

ஒஸ்மோன் சிரித்த சிரிப்பில் படுத்திருந்த நாய் எழுந்து போய்விட்டது. “இதையா? இது தண்ணித் தொட்டி வரைக்கும் போயிட்டு வந்தாலே மூச்சு வாங்குதேடா! சரி, ஓட்டட்டும். ஓடி முடிச்சுச்சுன்னா விட்டுடறேன், சாகறவரைக்கும் உக்காந்து தின்னட்டும். முடிக்கலேன்னா...” அடுப்பில் இருந்த அண்டாவைக் கையால் காட்டினார்.

பதினைந்து பேர் முன்னால் சொன்ன வார்த்தை. ஒஸ்மோனைப் பற்றி ஆயிரம் குறை சொல்லலாம், சொன்ன சொல்லை மாற்றுகிறவர் என்று மட்டும் சொல்ல முடியாது. அது ஜிபாருக்கும் தெரியும். அடுத்த நாள் விடிந்ததிலிருந்து வேலைக்குப் போகுமுன் இரண்டு மணி நேரம் செவலையை மலையில் ஏற்றி இறக்கினாள். இரண்டு மாதத்தில் வயிறு பாதி கரைந்தது. மீதிப் பாதியோடுதான் வந்து நிற்கிறார்கள்.

இந்தப் போட்டியில் முதலில் வருவது பெரிய காரியமில்லை. முப்பதாவது கிலோமீட்டரில், அறுபதாவதில், பிறகு முடிவில், கால்நடை மருத்துவர் குதிரையின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் குழாயை வைத்துத் துடிப்பை எண்ணுவார். வந்து நின்ற அரை மணிக்குள் நாடி நிமிடத்துக்கு அறுபத்து நாலுக்கு இறங்கியாக வேண்டும். இறங்கவில்லையா, முதலில் வந்த குதிரையும் வராத குதிரைதான். நர்ஸுக்கு இந்தக் கணக்கு மிகவும் பிடித்திருந்தது. மனுஷருக்கும் இப்படி ஒன்று வைத்தால் பெரியத்தான் ஊர்க் கூட்டத்தில் ஒரு நாளும் தேறமாட்டார் என்று துராத்திடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

காலை ஆறு மணிக்குப் பத்தொன்பது குதிரைகள் கிளம்பின. பதினெட்டு குதிரைகள் தேவதாரு மரங்களுக்கு நடுவே புகுந்து மறைந்தன. பத்தொன்பதாவது நின்று காலை உதறியது, சாணம் போட்டது, பிறகுதான் நடந்தது. ஜிபார் அவசரப்படுத்தவில்லை. ஏற்றத்தில் நடை, சமவெளியில் சின்ன ஓட்டம், இறக்கத்தில் அவளே கீழே குதித்துக் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் ஓடுவது. அவளுக்கு நாற்பத்தைந்து வயது. முழங்கால் அதை ஞாபகப்படுத்திக்கொண்டே வந்தது. ஓடை வந்தால் சீழ்க்கை அடிப்பாள், செவலை நிதானமாகத் தண்ணீர் குடிக்கும். வேர்கள் புடைத்த பாதையில் அது கால் வைக்கிற அழகே தனி. அந்தக் காட்டில் அதற்குத் தெரியாத வேர் கிடையாது.

தெரிந்ததுதான் தொந்தரவாகவும் போயிற்று. பன்னிரண்டாவது கிலோமீட்டரில், மரங்கள் விலகிய புல்வெளியில் ஒரு கூடாரம் இருந்தது. செவலை நேராக அதன் வாசலுக்குப் போய் நின்றது. ஒன்பது வருஷமாக அது அப்படித்தான் நிற்கிறது. ஜிபார் உதைத்துப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். அது கண்ணைப் பாதி மூடிக்கொண்டு கீழுதட்டைத் தொங்கப்போட்டது. நர்ஸம்மா உள்ளே போனால் திரும்பி வர அரை மணி ஆகும் என்பது அதன் அனுபவம்.

“ஊசிக் குதிரை வந்துடுச்சு!” என்று உள்ளே ஒரு குழந்தை அலறியது. நாலு பிள்ளைகள் பின்பக்கமாகக் காட்டுக்குள் ஓடினார்கள். வீட்டுக்காரி ரொட்டித் தட்டோடு வெளியே வந்தாள்.

“ஜிபார்! நல்ல நேரத்துல வந்தே. பெரியவனுக்குத் தொண்டை கட்டிக்கிச்சு.”

“அக்கா, நான் போட்டியில இருக்கேன்!”

“இருந்துக்க, யாரு வேணாம்னா? ரொட்டியைத் தொட்டுட்டுப் போ. தொண்டையைச் சும்மா எட்டிப் பாரு, அவ்ளோதான்.”

நீட்டிய ரொட்டியைத் தொடாமல் போக அந்த மண்ணில் பிறந்த யாராலும் முடியாது. ஜிபார் ஒரு விள்ளல் வாயில் போட்டாள். போட்டபின் தொண்டையைப் பார்க்காமல் போகவும் முடியவில்லை. சேணத்தில் மாட்டியிருந்த மருந்துப் பையைத் திறந்தாள். அந்தப் பை இல்லாமல் அவளுக்குக் குதிரையில் உட்காரவே வராது. இப்படி நாலு கூடாரங்கள். ஒரு தொண்டை, இரண்டு முழங்கால், புருஷன் குடிப்பதைப் பற்றி ஒரு நீண்ட புகார். மொத்தம் நாற்பது நிமிடம் போயிற்று.

ஆனால் முப்பதாவது கிலோமீட்டரில் மருத்துவர் சைரா குழாயை வைத்து எண்ணிவிட்டுப் புருவத்தை உயர்த்தினாள். “அம்பத்தாறு. வந்து மூணு நிமிஷம்கூட ஆகலையே! வழியில படுத்துத் தூங்கிச்சா?”

“கிட்டத்தட்ட,” என்றாள் ஜிபார்.

வேகமாகப் போன மூன்று குதிரைகள் அங்கேயே தேறாமல் நின்றுவிட்டன. அறுபதாவதில் இன்னும் இரண்டு. செவலைக்கு அங்கே நாடி அறுபது. துராத் இரண்டு வாளித் தண்ணீரோடு காத்திருந்தான். டிராக்டர் ஓட்டுகிறவன், அதிகம் பேசாதவன். கடைசி இருபது கிலோமீட்டருக்குச் சுமை குறையட்டும் என்று சேணத்திலிருந்து மருந்துப் பையைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டான்.

“கடைசி ரெண்டு கிலோமீட்டர் நான் இறங்கி நடத்தியே கூட்டிட்டு வந்துடறேன்,” என்றாள் ஜிபார். “ஆறி அடங்கி வந்து நிக்கும். முடிஞ்சுதுங்க. பொழச்சிடுச்சு.” செவலையின் நெற்றியில் தன் நெற்றியை முட்டிக்கொண்டாள். குதிரையைக் கொஞ்சுகிற வழக்கம் ஊரில் இல்லையென்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

“அண்ணன் வந்திருக்கார்,” என்றான் துராத், தயங்கித் தயங்கி. “எல்லாரும் வந்திருக்காங்க. ஓடறப்போ உன்னையோ குதிரையையோ தொட்டா செல்லாதுன்னு சொல்லி வச்சிருக்கேன்.”

அவள் அதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை. வாங்கியிருக்க வேண்டும்.

காடு முடிந்து கடைசி மேடு. கீழே நாலு கிலோமீட்டர் தள்ளிப் போட்டி முடிகிற பந்தல் தெரிந்தது. ஜிபார் இறங்க இடம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது மரங்களுக்குப் பின்னாலிருந்து பதினோரு குதிரைகள் வெளியே வந்தன. முன்னால் ஒஸ்மோன், வெள்ளைத் தொப்பியும் கொழுத்த கறுப்புக் குதிரையுமாக.

பந்தயக் குதிரை களைத்து வரும்போது சொந்தக்காரர்கள் எதிரே போய்ப் பாட்டன் பெயரைக் கத்தி அதை உசுப்பிக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அந்த ஊர் ஆண்களுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, ரத்தத்தில் இருப்பது. குடும்பத்துக் குதிரை எண்பது கிலோமீட்டர் ஓடிக் காட்டைவிட்டு வெளியே வருகிறது. அதன் கறியைப் பற்றி இரண்டு மாதமாகப் பேசியவர்தான் ஒஸ்மோன். இருந்தும் அவர் கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

“கரிபோஸ்!” என்று பாட்டன் பெயரைச் சொல்லி அலறினார். “கரிபோஸ்! கரிபோஸ்! வாடா என் தங்கமே!”

“கரிபோஸ்!” என்று பத்துத் தொண்டைகள் சேர்ந்துகொண்டன.

“கத்தாதீங்க! ஐயோ, வேணாம்!” என்ற ஜிபாரின் குரல் யாருக்கும் கேட்கவில்லை. செவலையின் இரண்டு காதும் நட்டுக்கொண்டன. ஒன்பது வருஷம் மருந்து சுமந்த குதிரைக்குள் என்ன இருந்ததோ, அது பாய்ந்தது. அவள் கடிவாளத்தை முழுபலத்தோடு இழுத்தாள். மலையை இழுத்தது மாதிரிதான் இருந்தது. இரண்டு பக்கமும் பதினோரு குதிரைகள், தூசி, கூச்சல். முன்னால் நிதானமாகப் போய்க்கொண்டிருந்த நாலு பேரைக் கடந்தார்கள். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவளுக்கே சந்தோஷமாக இருந்தது. அதற்காக அவள் பிற்பாடு வெட்கப்பட்டாள். கோட்டைத் தாண்டிப் பந்தல் கயிற்றுக்கு முன்னால் செவலை நின்றபோது அதன் விலா கொல்லன் துருத்தியாக அடித்துக்கொண்டிருந்தது.

சைரா குழாயை வைத்தாள். “தொண்ணூத்தாறு.”

“பத்தாவதா வந்துடுச்சு! பத்தாவது!” ஒஸ்மோன் செவலையின் கழுத்தில் ஓங்கித் தட்டினார். “பாத்தியாடா துராத்! நாலு பேரை முந்திடுச்சு! எங்க வீட்டுக் குதிரைடா!”

“அண்ணே, இன்னும் முடியலை,” என்றான் துராத். “நாடி எறங்கணும்.”

“என்ன முடியலை? கோட்டைத் தாண்டியாச்சு!”

“அறுபத்து நாலு வந்தாத்தான் கணக்கு. இன்னும் இருபத்தெட்டு நிமிஷம்தான் இருக்கு.”

“வந்துட்டுப் போவுது! தொடக்கூடாதுன்னு சொன்னே, தொட்டமா? வாயைத் தொறக்கக்கூடாதுன்னு சொன்னியா?”

பதினோரு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பதினோரு குதிரைகளும் செவலையைச் சுற்றிக் கனைத்தன, இடித்தன. செவலை தலையைத் தூக்கித் தூக்கிச் சுற்றியது. இன்னொரு பந்தயம் இருக்கிறது என்று நினைத்துவிட்டது போல. துராத் தண்ணீரை ஊற்ற ஊற்ற அது ஆவியாகப் போயிற்று. ஆறாவது நிமிடம் தொண்ணூறு. ஏழாவது நிமிடம் ஒஸ்மோன் மறுபடி “கரிபோஸ்!” என்று ஆரம்பித்தார்.

“ஒஸ்மோன்!”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கத்தியது ஜிபார்.

“ஒஸ்மோன்! வாயை மூடுங்க! குதிரையை விட்டு எறங்குங்க! எல்லாரும்! குதிரைங்களை அந்த மரத்துக்குப் பின்னால கட்டிட்டு வந்து இங்க புல்லுல உக்காருங்க. எவனாவது வாயைத் தொறந்தீங்க, ஒரு வருஷத்துக்கு ஊசியெல்லாம் மழுங்கின ஊசிதான். உக்காருங்க!”

பந்தலில் இருந்த ஒலிபெருக்கிக்காரன்கூட வாயை மூடிக்கொண்டான். ஒஸ்மோனின் முகம் சிவந்தது, வெளுத்தது. இருபத்திரண்டு வருஷமாகத் தலைகுனிந்து தேநீர் ஊற்றிய பெண். அவருடைய பெயருக்கு இவ்வளவு சத்தம் உண்டு என்று அவருக்கே அப்போதுதான் தெரிந்திருக்கும். மெதுவாகக் கறுப்புக் குதிரையைவிட்டு இறங்கினார். மரத்துக்குப் பின்னால் கட்டினார். வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மற்றவர்கள் வரிசையாகப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

பதினோரு ஆண்கள் பேசாமல் உட்கார்ந்திருந்த அந்தக் காட்சியை ஊரில் இன்னும் பேசுகிறார்கள். ஒருவர் தும்மலை இரண்டு கையாலும் பிடித்து அடக்கினார். பதினைந்தாவது நிமிடம் எழுபத்தெட்டு. இருபதில் எழுபத்திரண்டு. ஜிபார் ஈரத்துணியால் செவலையின் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். இருபத்து நாலில் அறுபத்தெட்டு. இறங்கிவிடும், இறங்கிவிடும் என்றிருந்தபோது ஒஸ்மோனின் சட்டைப் பைக்குள் கைபேசி கனைத்தது. ஆமாம், கனைத்தது. அழைப்புக்குக் குதிரைக் கனைப்பைத்தான் வைத்திருந்தார். அணைக்கத் தெரியாமல் அதைக் கீழே போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். அவருக்கடியில் அது ஏழு தடவை கனைத்தது. செவலை தலையைத் தூக்கிப் பதில் கனைத்தது.

முப்பதாவது நிமிடம் சைரா நீண்ட நேரம் எண்ணினாள். “அறுபத்தேழு.” ஜிபாரின் முகத்தைப் பார்க்காமல் காகிதத்தில் எழுதினாள். “மன்னிச்சுக்கங்க அக்கா. குதிரை நல்ல குதிரை. ஆனா தேறலை.”

ஜிபார் அழவில்லை. அழ நேரமில்லாத வேலையில் இருபது வருஷம் இருந்தவள். குதிரையின் பிடரியில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். மூன்று துடிப்பு. இரண்டு மாதம் விடியற்காலையில் எழுந்தது, முழங்கால் வலி, எண்பது கிலோமீட்டர், எல்லாம் மூன்று துடிப்பில் போயிற்று.

ஒஸ்மோன் கையைத் தூக்கினார், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி.

“பேசலாமா?” என்றார் ரகசியக் குரலில்.

யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை. எழுந்து வந்தார். “இந்தப் பொண்ணு தப்பா எண்ணியிருக்கும். மூணுதானே வித்தியாசம். குழாயைக் குடு, நானே எண்ணிப் பாக்கறேன்.”

“அரசாங்கக் குழாய், தரமாட்டேன்,” என்றாள் சைரா விறைப்பாக.

“எங்கிட்ட இருக்கு,” என்றாள் ஜிபார். துராத்தின் தோளிலிருந்த மருந்துப் பையை வாங்கிப் புல்லில் வைத்துத் திறந்தாள். அந்தப் பையின் கொக்கி ‘டக்’கென்று திறக்கிற சத்தம் கேட்டதும் செவலை பெருமூச்சு விட்டது. பின்னங்கால் ஒன்றை மடக்கிக்கொண்டது. கீழுதடு தொங்கியது. நர்ஸம்மா பையைத் திறந்துவிட்டாள், இனி அரை மணிக்குக் கவலையில்லை. ஜிபாருக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பை இத்தனை நேரமும் துராத்தின் தோளில் தொங்கியது!

ஒஸ்மோன் தொப்பியைக் கழற்றித் தம்பியிடம் கொடுத்தார். மருமகள் தன்னைத் தொடுவதா என்று இத்தனை வருஷமாக ரத்த அழுத்தம் பார்க்கக்கூட அவளிடம் கையை நீட்டாதவர். இப்போது குனிந்து நின்றார். ஜிபார் குழாயை அவர் காதில் மாட்டி, மறுமுனையைச் செவலையின் முன்னங்காலுக்குப் பின்னால் வைத்தாள்.

முதலில் அவர் உதடு எண்ணியது. ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு நின்றுவிட்டது. வாய் லேசாகத் திறந்தபடி அப்படியே நின்றார். அறுபது வருஷமாகக் குதிரையோடு வாழ்ந்தவர். ஏறியிருக்கிறார், விற்றிருக்கிறார், தின்றிருக்கிறார். உள்ளே அது என்ன சொல்லிக்கொண்டிருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஒரு நிமிடம் போயிற்று, இரண்டு நிமிடம் போயிற்று. யாரும் சொல்லாமலே அவர் பேசாமல் இருந்தார்.

“எத்தனைண்ணே?” என்றான் துராத்.

ஒஸ்மோன் குழாயைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அறுபத்து நாலு,” என்றார் உறுதியாக.

சைரா வந்து தன் குழாயை வைத்தாள். “அம்பத்தெட்டு,” என்றாள். “ஆனா நேரம் முடிஞ்சு அஞ்சு நிமிஷம் ஆச்சு. ஏட்டுல மாத்த முடியாது.”

“மாத்தாதே தாயி. ஏடு உன்னோடது. வார்த்தை என்னோடது. குதிரை ஓடிச்சு, முடிச்சுது. முடிச்சதைக் கெடுத்தது என் வாய்.” சொந்தங்கள் பக்கம் திரும்பினார். “இது சாகறவரைக்கும் தின்னட்டும். கேட்டுச்சா எல்லாருக்கும்?”

கேட்டது. காடே கேட்டிருக்கும், பழைய குரல் திரும்பிவிட்டது. செவலை மட்டும் கண்ணைத் திறக்கவில்லை. ஜிபார் இப்போதுதான் அழுதாள், நன்றாக, மூக்கைச் சிந்திச் சிந்தி.

“அப்போ விழாவுக்கு?” என்றார் ஒரு பங்காளி. “இருநூறு பேரு வர்றாங்களே.”

ஜிபார் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். மரத்துக்குப் பின்னால் கட்டியிருந்த கறுப்புக் குதிரையின் பளபளக்கும் பின்புறத்தைப் பார்த்தாள். “பெரியத்தானோட குதிரைக்கு அஞ்சு விரக்கடை இருக்கும்,” என்றாள் தலைகுனிந்தபடி, மிகவும் மரியாதையாக.

ஒஸ்மோன் தன் குதிரையைப் பார்த்தார். தன்னையறியாமல் கையைக் காதில் வைத்துக்கொண்டார்.

“மாடு போதும்டா,” என்றார்.

திரும்பும்போது ஜிபார் செவலையை நடத்திக்கொண்டு வந்தாள். ஒஸ்மோனும் ஏறவில்லை, கறுப்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நடந்தார். கொஞ்ச தூரம் போனதும் சட்டைக் கையைச் சுருட்டி மணிக்கட்டை அவள் பக்கம் நீட்டினார்.

“இதையும் ஒரு தடவை எண்ணிப் பாரும்மா. எனக்கு அறுபத்து நாலுக்கு எறங்குமா?”

“அரை மணி நேரம் பேசாம வந்தீங்கன்னா எறங்கும், பெரியத்தான்.”

ஊருக்கு ஒன்பது கிலோமீட்டர். முதல் ஓடை வரைக்கும் அவர் வாயைத் திறக்கவில்லை.